டோன் எனக்குக் கேக்குது, அதுக்குக் கேக்கலை

பொங்கலுக்கு அப்புறம் இங்க ஒண்ணுமே எழுதலை. மஞ்சள் வெட்டுல ஆளு மாட்டிக்கிட்டாருன்னு நெனச்சிருப்பீங்க. மஞ்சள் வெட்டும் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லலை. ஆனா நிஜக் காரணம் வேற. வீட்டுக் கம்ப்யூட்டர்ல இன்டர்நெட் வரலை. ஏழு வாரம். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். லினக்ஸ் தெரிஞ்சவங்க யாராச்சும் படிச்சா சிரிச்சுக்குங்க, பரவாயில்லை.

இந்தக் கம்ப்யூட்டர் பையன் காலேஜ் படிக்கையில வாங்கினது. அவன் பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் என் கைக்கு வந்துச்சு. உரம், ஆள் கூலி, மாட்டுத் தீவனம், பால் சொசைட்டி வரவுன்னு எல்லாக் கணக்கும் அதுலதான் எழுதி வெக்கிறேன். கடைக்காரர் போட்டுக் கொடுத்த விண்டோஸ் காசு கட்டி வாங்கினது இல்லைங்க, ஒளிக்காமச் சொல்லிடறேன். வருசத்துக்கு ரெண்டு தடவை வைரஸ் புகுந்துரும். டவுனுக்குத் தூக்கிட்டுப் போனா அவர்கிட்ட ஒரே வைத்தியம்தான், எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி போடறது. 300 ரூபா. போன ஐப்பசியில அப்படிப் போட்டப்ப என்னோட ரெண்டு வருசக் கணக்கும் போயிருச்சு. "எடுத்து வெச்சுக்கலையாண்ணா?"ன்னு கேட்டார். வீட்டை இடிச்சுட்டு, உள்ள சாமான் இருந்துச்சான்னு கேக்கற மாதிரி இருந்துச்சு எனக்கு.

இதைச் சொன்னதுக்குத்தான் பையன் பொங்கலுக்கு வரும்போது பையில ஒரு சிடி கொண்டு வந்தான். உபுண்டு 6.06. லினக்ஸ்ல அது ஒரு வகை. அப்பெல்லாம் பேரும் விலாசமும் கொடுத்துக் கேட்டா வெளிநாட்டுல இருந்து தபால்லயே சும்மா அனுப்பி வெச்சுக்கிட்டிருந்தாங்க, தபால் செலவு கூட நமக்கில்லை. சும்மா வர்ற விதைநெல்லு முளைக்காதும்பார் எங்கப்பா. எனக்கும் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் மாட்டுப் பொங்கல் அன்னைக்கு மத்தியானம், நான் மாட்டைக் கழுவிட்டு வர்றதுக்குள்ள போட்டு முடிச்சுட்டான். படம் தெரிஞ்சுது, பாட்டுக் கேட்டுச்சு, தமிழ் எழுத்து உடையாம வந்துச்சு. இ-கலப்பை மட்டும் இதுல ஓடாதாம், அது விண்டோசுக்குச் செஞ்சது. பேருக்காகவே எனக்கு அது மேல ஒரு பிரியம். அதுக்குப் பதிலா ஸ்கிம்னு ஒண்ணு வெச்சுக் கொடுத்தான். இப்ப அதுலதான் தட்டறேன்.

வராம நின்னது மோடம் ஒண்ணுதான்.

அன்னைக்கு ராத்திரி சோத்துக்கு உக்காந்தப்ப வேற பேச்சு வந்துருச்சு. "நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு ரெண்டு பேரும் என்கூட வந்துருங்கப்பா"ன்னான். நான் கொஞ்சம் சத்தமாவே பதில் சொல்லிட்டேன். அவன் பாதிச் சோத்துல கை கழுவிட்டு எந்திரிச்சுட்டான். மறுநாள் பூப்பறிக்கிற நோம்பிக்குக் கூட நிக்காம வெடியால பஸ்ஸுக்குப் போயிட்டான். மோடம் வேலையும் அப்படியே நின்னு போச்சு.

ரெண்டு வாரம் என்கிட்டப் பேசலை. அவங்கம்மாகிட்டப் பேசுவான், "அப்பா நல்லா இருக்காரா"ன்னு கேட்டுட்டு வெச்சுருவான். நான் பக்கத்துலதான் உக்காந்திருப்பேன். மூணாவது வாரம் ஒரு நாள் ராத்திரி போன் வந்துச்சு. அவ கொஞ்ச நேரம் பேசிட்டு ரிசீவரை என்கிட்ட நீட்டினா. "மோடத்தைப் பத்திக் கேக்கணுமாம்."

அந்த மோடத்தோட சங்கதி என்னன்னா, அது கம்ப்யூட்டர் உள்ளேயே சொருகி வந்த அட்டை. நிஜமான மோடமா இருந்தா, சத்தத்தை எழுத்தாவும் எழுத்தைச் சத்தமாவும் மாத்தற வேலைய அதுல இருக்கிற சிப்பே செஞ்சுரும். இந்த மலிவு அட்டையில அந்த வேலைக்கான சரக்கே இல்லை. பாதி வேலைய விண்டோஸ்ல இருக்கிற ஒரு புரோகிராம் செய்யணும். அதனாலதான் இதுக்கு வின்மோடம்னே பேராம். கலப்பை மட்டும் வித்திருக்காங்க, மாட்டை விண்டோஸ் ஓட்டிட்டு வரணும். லினக்ஸ்கிட்ட அந்த மாடு இல்லை. கடைக்காரர் விக்கையில இதைச் சொல்லவும் இல்லை, எனக்குக் கேக்கவும் தெரியலை.

பையன் சொன்னான், அந்தச் சிப்புக்கும் லினக்ஸ்ல ஓடற டிரைவர் ஒருத்தர் எழுதி வெச்சிருக்காங்களாம். சும்மா எடுத்தா 14.4 வேகம்தான் கெடைக்கும், முழுசா 56 வரைக்கும் போகணும்னா டாலர்ல காசு கட்டணும். எப்படியோ ஓடினாச் சரின்னேன். ஆனா அந்த டிரைவரை இறக்கறதுக்கு இன்டர்நெட் வேணும். இன்டர்நெட்டுக்கு டிரைவர் வேணும். கெணத்துல தண்ணி மட்டம் இறங்கினப்ப, மோட்டாரை ஓட்டறதுக்கு முதல்ல பைப்புல ஊத்தவே தண்ணி இல்லாம நிப்போம் பாருங்க, அது மாதிரி.

அவன் அங்க இறக்கி, சிடியில போட்டு, கூரியர்ல அனுப்பறதா முடிவாச்சு. அதுக்கு என் கம்ப்யூட்டர்ல கெர்னல் எண் என்னன்னு தெரியணும். கட்டளை சொன்னான், அடிச்சேன், 2.6.15ன்னு வந்துச்சு, படிச்சுச் சொன்னேன். அதுக்குப் பின்னால ஒரு கோடு போட்டு இன்னும் ஏதோ எண் இருந்துச்சு. அது ஏதோ பேட்ச் நம்பரா இருக்கும்னு விட்டுட்டேன். உரமூட்டையில எழுதியிருக்கிற எல்லா எண்ணையுமா படிக்கிறோம்? நாலு நாள் கழிச்சு கூரியர் வந்துச்சு. டவுன் ஆபீஸ்ல போய் வாங்கிட்டு வந்து போட்டா, எடுத்துக்கவே மாட்டேங்குது. அந்தப் பின்னால இருந்த எண்ணுக்கும் பொருந்தணுமாம். தப்பு என்னோடதுதான். ஆனா அவன் கோவிச்சுக்கலை. "நான் முழுசா படிங்கன்னு சொல்லியிருக்கணும்பா"ன்னான்.

இப்ப ஒரு இக்கட்டைச் சொல்லணும். எங்க வீட்டுக்கு வர்றது ஒரே கம்பி. செல்போன் சிக்னல் சாளையில எடுக்காது, வாய்க்கால் மேட்டுக்குப் போனாத்தான் ரெண்டு கோடு தெரியும். பையன் போன்ல இருக்கும்போது மோடம் டயல் செய்ய முடியாது. மோடம் டயல் செய்யும்போது பையன்கிட்டப் பேச முடியாது. அதனால அவன் சொல்லச் சொல்ல நான் தினக் காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்துல எழுதிக்குவேன். போனை வெச்சுட்டு, ஒயரை மோடத்துக்கு மாத்தி, எழுதினதை ஒவ்வொண்ணா அடிப்பேன். திரையில என்ன வருதோ அதையும் இன்னொரு தாள்ல எழுதிக்குவேன். மறுபடி ஒயரைப் போனுக்கு மாத்தி உக்காந்திருந்தா, அரை மணி கழிச்சுக் கூப்பிடுவான். நான் எழுத்துக் கூட்டிப் படிச்சுக் காட்டுவேன். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா, ஒட்டி எழுதணுமா இடம் விடணுமா, சாய்ஞ்ச கோடு எந்தப் பக்கம் சாயணும்னு அதுக்கே பாதி நேரம் போகும். நான் பத்தாவதோட நின்னவன். ஆனா எழுதினதை எழுதினபடி அடிக்கிற பொறுமை இருக்குது.

முதல் தடவை கடவுச்சொல் கேட்டுச்சு. அடிச்சா திரையில ஒரு புள்ளி கூட நகரலை. கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு கழட்டித் தொடைச்சு வேற மாட்டினேன். அது அப்படித்தானாம், காட்டாமலே வாங்கிக்குமாம். இதை முன்னாடியே சொல்லணும்னு அவனுக்கும் தோணலை. தெரிஞ்சவங்களுக்கு எதைச் சொல்லணும்னு தெரியறதில்லை. நானும் அப்படித்தான், போன வருசம் பட்டணத்துல இருந்து வந்த ஒருத்தர்கிட்ட "மடையைத் திருப்பி விடுங்க"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன், அவர் மண்வெட்டியை வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னுட்டிருந்தார்.

உள் அட்டையோட மல்லுக்கட்டறதை விட்டுட்டு, வெளியில வெக்கிற மோடம் வாங்கறதுன்னு முடிவு பண்ணினோம். வெளி மோடத்துல வேலை செய்யற சிப்பு அதுக்குள்ளயே இருக்கும், யார் மாட்டினாலும் ஓடும். டவுன்ல ஒரு பிரவுசிங் சென்டர்க்காரர் பிராட்பேண்டுக்கு மாறினதுல பழைய மோடத்தை மூலையில போட்டு வெச்சிருந்தார். 350 ரூபா, அடாப்டரோட. ஒயர் தனியா 60. நம்ம வெத்தலைப் பொட்டி அளவு இருக்கும். முன்னாடி வரிசையா சின்னச் சின்ன சிவப்பு விளக்கு. ஒண்ணு மோடம் தயாருங்கும், ஒண்ணு போனை எடுத்துட்டேங்கும், ஒண்ணு எதிர்ப்பக்கத்து சத்தம் கெடைச்சுருச்சுங்கும். எனக்குப் பார்த்ததுமே புடிச்சுப் போச்சு. ஸ்டார்ட்டர் பொட்டியில மூணு பேஸுக்கும் விளக்கு எரியறதைப் பார்த்துத்தானே மோட்டாரைப் போடறோம். எது எரியுது, எது எரியலைன்னு பார்த்துச் சொல்லிரலாம்.

கம்ப்யூட்டர் முதுகுல ஒன்பது ஊசி வெச்ச ஒரு சாக்கெட் வாங்கின நாள்ல இருந்து சும்மா கெடந்துச்சு. அதுல மாட்டினேன். லினக்ஸ்ல அந்த வாசலுக்குப் பேரு டிடிஒய்எஸ்0. பையன் சொல்லும்போது கடைசியில "ஜீரோ"ன்னுதான் சொன்னான். எழுதும்போது நான் வட்டம் போட்டேன், அடிக்கும்போது அது ஓ ஆயிருச்சு. அப்படி ஒரு வாசலே இல்லைன்னு திரும்பத் திரும்பச் சொல்லுது. ஒரு நாள் முழுக்கப் போச்சு. அதுவே எல்லா வாசலையும் தட்டிப் பார்த்து மோடம் எங்கன்னு கண்டுபிடிக்கிற கட்டளை ஒண்ணு இருக்குதுன்னு மறுநாள்தான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. அதை அடிச்சதும் நாலு வரி ஓடி, மோடம் கெடைச்சுதுன்னு எழுதிச்சு. நான் எந்திரிச்சுப் போய் ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

டயல் செய்யற புரோகிராமுக்குப் பேரு டபிள்யூவிடயல். அது மோடத்துக்கு ஏடின்னு ஆரம்பிக்கிற கட்டளையாக் கொடுக்கும். ஏடின்னா கவனின்னு அர்த்தமாம். நம்ம "ஏப்பா, இங்க பாரு"ன்னு சொல்லிட்டு ஆரம்பிக்கற மாதிரி. முதல்ல ஏடிஇசட், பழசையெல்லாம் மறந்துருங்கிறது. மோடம் ஓகேங்கும். அப்புறம் ஏடிடிடின்னு சொல்லி 172ல ஆரம்பிக்கிற நம்பர். போனை எடுத்த விளக்கு எரிஞ்சுது. ஸ்பீக்கர்ல கொர்ர்ர்னு சத்தம். அஞ்சு எண்ணறதுக்குள்ள விளக்கு அணைஞ்சுது. திரையில "நோ டயல்டோன்".

மறுபடி அடிச்சேன். மறுபடி அதே.

பையன்கிட்டச் சொன்னேன். ஒயரை மாத்திச் சொருகியிருப்பீங்கன்னான். மோடத்துக்குப் பின்னால ரெண்டு ஓட்டை, ஒண்ணு லைனுக்கு, ஒண்ணு போனுக்கு. பார்த்தேன், சரியாத்தான் இருந்துச்சு. ஒயரை மாத்துங்கன்னான். மாத்தினேன். லைன் கம்ப்ளெயின்ட் கொடுங்கன்னான். போன் நல்லாத்தானே பேசுது, என்னன்னு கம்ப்ளெயின்ட் கொடுக்கறது? மூணு நாள் இப்படியே ஓடுச்சு. பகல்ல மஞ்சள் வேகவெக்கிற வேலை, ராத்திரி இது. அவ சொல்லிப் பார்த்துட்டு, எனக்கு மட்டும் சோத்தை மூடி வெச்சுட்டுப் படுத்துக்குவா.

மூணாம் நாள் நான் எதையும் அடிக்காம, சும்மா அந்த ஸ்பீக்கர்கிட்டக் காதை வெச்சுக் கேட்டேன். நம்ம வேலையில பாதி காதுலதானுங்க. மோட்டார் தண்ணி எடுக்குதா காத்து இழுக்குதா, பேரிங் போகப் போகுதா, எல்லாம் வரப்புல நின்னு கேட்டே சொல்லிருவோம். மோடம் போனை எடுக்குது. டோன் வருது. நல்லா, தெளிவா வருது. அதோட ஸ்பீக்கர்லயே வருது. வந்துக்கிட்டு இருக்கும்போதே டோன் இல்லைங்குது.

அன்னைக்கு ராத்திரி பையன்கிட்டச் சொன்னேன். "டோன் இருக்குடா கண்ணு. எனக்குக் கேக்குது, அதுக்குக் கேக்கலை."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "இருங்கப்பா, பத்து நிமிசத்துல கூப்பிடறேன்"னு வெச்சுட்டான்.

கால் மணி நேரத்துல கூப்பிட்டான். "நீங்க சொன்னதுதாம்பா சரி"ன்னான். ஊருக்கு ஊர் டயல் டோன் வேறயாம். அமெரிக்காவுல 350, 440ன்னு ரெண்டு சத்தத்தைச் சேர்த்து விடறாங்க. நம்ம நாட்டுல 400, அதை 25 வெச்சு ஆட்டி விடறாங்க. அதனாலதான் நமக்குக் கொர்ர்ர்னு கேக்குது. இந்த மோடம் அவங்க ஊர் டோனைத்தான் டோன்னு நெனைச்சுக்கிட்டு உக்காந்திருக்குது. அதைத் திருத்த முடியாது. ஆனா, டோனுக்குக் காத்திருக்காதே, நீ பாட்டுக்கு டயல் பண்ணுன்னு சொல்ல முடியும். எக்ஸ்3. ரெண்டே எழுத்து. ஏடி எக்ஸ்3ன்னு ஒரு வரி சேர்க்கணும், அவ்வளவுதான்.

வெச்சுட்டு ஒயரை மாத்தி அடிச்சேன். டிக் டிக்குன்னு நம்பர் போச்சு. மணி அடிச்சுது. எதிர்ப்பக்கம் எடுத்துச்சு. கீ...ன்னு ஒரு சத்தம், அப்புறம் தகரத்தைச் சரளையில இழுக்கற மாதிரி ஒரு இரைச்சல், ரெண்டும் ஒண்ணோடொண்ணு பேசி வேகம் எவ்வளவுன்னு முடிவு பண்ணுது. ராத்திரி பத்தரை மணிக்கு அவ எந்திரிச்சு வந்து, "ஏனுங்க, என்ன சத்தம்?"னு கேட்டா. சொல்றதுக்குள்ள கட்டாயிருச்சு.

அதுக்குக் காரணம் லைன்தான். கம்பத்துல இருந்து வர்ற கம்பி புளியமரத்துக்குள்ள பூந்து வருது, அதுல பழைய ஒட்டு ஒண்ணு பச்சை பூத்துப் போயிருந்துச்சு. பேச்சுக்கு அது போதும், லேசாக் கரகரங்கும், நமக்குப் பழகிருச்சு. மோடத்துக்கு அந்தக் கரகரப்பு ஆகாது. லைன்மேன் தம்பி வந்து வெட்டி, சுரண்டி, புதுசா முறுக்கிக் கட்டிட்டுப் போனார். நல்ல பையன், காசு வாங்கிக்கலை, ரெண்டு எளநி குடிச்சார்.

இதுக்கப்புறமும் வரலை. வேகம் 31200ன்னு காட்டி நிக்குது, அதுக்கு மேல நகரலை. பையனுக்குச் சொன்னேன். அவன் சிரிச்சுட்டான். ரொம்ப நாளைக்கப்புறம் அவன் அப்படிச் சிரிச்சு நான் கேட்டேன்.

"அப்பா, கோவிச்சுக்காதீங்க. ஒரு வரி சொல்றேன், எழுதிக்குங்க. ஸ்டுபிட் மோட், சமம், எஸ்."

"யாருக்குடா அது?"

"உங்களுக்கில்லப்பா, புரோகிராமுக்கு. நிஜமாவே அதுல அப்படித்தான் பேர் வெச்சிருக்காங்க."

எதிர்ப்பக்கம் பேரைக் கேக்கும், கடவுச்சொல்லைக் கேக்கும்னு எதிர்பார்த்து இந்தப் புரோகிராம் காத்துக்கிட்டிருக்குமாம். எதிர்ப்பக்கமோ, நீ நேரா வேலைய ஆரம்பின்னு காத்துக்கிட்டிருக்கும். கல்யாண வீட்டுல ரெண்டு சம்பந்தியும் யார் முதல்ல கூப்பிடறதுன்னு நிக்கற கதைதான். ஸ்டுபிட் மோட்னு போட்டா, மரியாதை பாக்காம இது நேரா உள்ள போயிரும். போட்டேன். போச்சு. திரையில எண் எண்ணா நாலஞ்சு வரி வந்து நின்னுச்சு, அணையலை. மாசி மாசக் கடைசி, ராத்திரி ஒன்பது இருக்கும். பிரவுசரைத் திறந்தேன். மெதுவா, மேல இருந்து கீழ, சால் ஓட்டற மாதிரி வரி வரியா பக்கம் வந்துச்சு.

மெயில்ல உங்க கடிதமெல்லாம் குமிஞ்சு கெடந்துச்சு. மஞ்சள் என்னாச்சுன்னு நாலு பேர், உடம்பு சரியில்லையான்னு ரெண்டு பேர். ஒவ்வொண்ணாப் படிச்சேன். ஈரோடு மஞ்சள் விலையையும் பார்த்தேன், அதைப் பத்தி இப்ப வேண்டாம். மணி பத்தேகால் ஆனப்பத்தான் ஞாபகம் வந்துச்சு, பையன் ஒன்பதரைக்குக் கூப்பிடறேன்னான். அவசரமாக் கட் பண்ணி ஒயரை மாத்தினேன். வெச்ச கைய எடுக்கலை, மணி அடிச்சுது.

"முக்கா மணி நேரமா எங்கேஜ்டுப்பா"ன்னான். "முதல் தடவை எங்கேஜ்டு வந்தப்பவே தெரிஞ்சுருச்சு. சரி, பாத்துட்டு இருங்கன்னு விட்டுட்டேன். ஆனாலும் அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

குத்தகைப் பேச்சை இந்த ஏழு வாரத்துல அவனும் எடுக்கலை, நானும் எடுக்கலை. சித்திரையில நோம்பிக்கு வர்றேன்னிருக்கான். அப்ப எடுப்பானா என்னமோ. எடுத்தா, இந்தத் தடவை சோறு திங்கற நேரத்துல பதில் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்.

எண்ணிப் பார்த்தேன், மோடத்துக்காக மட்டும் அவன் கூப்பிட்டது பத்தொன்பது தடவை. காலண்டர் தாளெல்லாம் கிளிப் போட்டு வெச்சிருக்கேன், மறுபடி எப்பவாச்சும் போட வேண்டி வந்தா ஆகும். இப்ப மெயில் ஓடறதால எல்லாத்தையும் அதுலயே எழுதிடறான், ரெண்டு வரி, மூணு வரி. போன் வர்றது ஞாயித்துக்கிழமை மட்டும்னு ஆயிருச்சு. முந்தாநாள் நான் உக்காந்து படிச்சுட்டிருக்கும்போது அவ பின்னால வந்து நின்னா. "அந்தப் பொட்டிய மறுபடி கெடுத்து வெச்சுருங்க"ன்னா.

அதுக்கு அவசியம் இல்லை. பிரிண்டர் வேலை செய்ய மாட்டேங்குதுன்னு நாளைக்குக் கூப்பிடலாம்னு இருக்கேன். அது நிஜமாவே வேலை செய்யலைங்க.